2.5 எம்.எஃப்.டி. என்றால் மைக்ரோவா, மில்லியா? கண்டென்சரில் ஒன்று, மீட்டரில் ஒன்று காட்டுகிறது

டோல்கேட் வயர்மேன் எழுதியது:

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரே வீட்டில் மூன்று இடத்தில் கண்டென்சர் (மின்தேக்கி) பார்க்க வேண்டியிருக்கு. மூன்றிலும் யூனிட் மூன்று விதமா எழுதியிருக்கு. விவரம் கீழே.

முதலாவது, சீலிங் ஃபேன். மெதுவா சுத்துது, சில நேரம் கையால தள்ளிவிட்டால்தான் கிளம்புது. கண்டென்சர் மேல 2.5 எம்.எஃப்.டி., பிளஸ் மைனஸ் 5 சதவீதம், 440 வோல்ட் ஏ.சி. என்று இருக்கு. கழட்டி மீட்டரில் வைத்தால் 1870, பக்கத்தில் நானோ குறி. இது சரியான அளவா இல்லையா?

இரண்டாவது, போர்வெல் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார்) பேனல். ரன் கண்டென்சர் (மோட்டார் ஓடும்போது முழுக்க இணைப்பில் இருப்பது) 36 மைக்ரோ, 440 வோல்ட். ஸ்டார்ட் கண்டென்சரில் (கிளம்பும்போது மட்டும் சேருவது) 100-120 எம்.எஃப்.டி. என்று இருக்கு. சாயந்திரம் மோட்டார் கிளம்பத் திணறுது, ஓவர்லோடு சுவிட்ச் விழுந்து அணையுது. ஓடும்போதே கண்டென்சரைச் சோதிக்க ஒரு வீடியோவில் கணக்கு சொல்லியிருந்தாங்க: ஆம்பியரை 2652-ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுக்கணுமாம். ரன் கண்டென்சர் வயரில் 3.65 ஆம்பியர், அதன் இரண்டு முனைக்கு நடுவில் 325 வோல்ட். கணக்குப்படி 29.8 வருது. 36-க்கு இது ரொம்பக் குறைவு. மாற்றிடலாமா?

மூன்றாவது, ஃபேன் ரெகுலேட்டரும் ஒரு எல்.இ.டி. லைட்டும். ரெகுலேட்டரில் 2.2 + 3.3 என்று மூன்று கால் பெட்டி, லைட் போர்டில் 225ஜே 400வி, பக்கத்தில் பொட்டு மாதிரி சின்னதா 104. 104 என்றால் 104 பிக்கோவா?

---

கொருக்குப்பேட்டை ரீவைண்டிங் எழுதியது:

தம்பி, முதல்ல யூனிட்டை முடிச்சிடுவோம். கண்டென்சர் உடம்பில் எம்.எஃப்.டி., எம்.எஃப்., யூ.எஃப். என்று எப்படிப் போட்டிருந்தாலும் எல்லாமே மைக்ரோ ஃபாரட்தான். பெரிய எம் போட்டிருக்காங்களே, மெகாவா என்று யோசிக்க வேண்டாம். மெகா ஃபாரட்டில் கண்டென்சர் கிடையாது. அந்தக் காலத்து அச்சில் மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்து கிடையாது, அதனால எம் போட்டாங்க, அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிகிச்சு.

ஆனா மீட்டர் திரை வேற கதை. அங்கே சின்ன எம், பெரிய எஃப் வந்தா அது நிஜமாவே மில்லி. 1 மில்லி ஃபாரட் = 1000 மைக்ரோ. ஆம்ப்ளிஃபயர் பவர் சப்ளையில் இருக்கிற 4700 மைக்ரோவை அளந்தா சில மீட்டர் 4.7 மில்லி என்று காட்டும். ஒரே எழுத்து, உடம்பில் மைக்ரோ, திரையில் மில்லி. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோ.

உன் ஃபேன் கண்டென்சர்: 1870 நானோ என்றால் ஆயிரத்தால் வகு, 1.87 மைக்ரோ. 2.5-க்கு 5 சதவீதம் விட்டா 2.375-லிருந்து 2.625-க்குள் இருக்கணும். கால்வாசி தேஞ்சு போச்சு. மாத்திடு.

ஏன் தேயுதுன்னா, உள்ளே இருப்பது ஒரு பக்கம் மெல்லிசா உலோகம் பூசின பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம். லைனில் ஒரு குத்து வோல்ட்டேஜ் வரும்போது ஃபிலிமில் பலவீனமான இடம் ஓட்டையாகும். அந்த ஓட்டையைச் சுத்தி இருக்கிற உலோகப்பூச்சு ஆவியாகி ஷார்ட்டைத் தானே விலக்கிடும். கண்டென்சர் பிழைச்சிடும், ஆனா அந்த இடத்துப் பரப்பு போயிடும். பரப்பு குறைஞ்சா மைக்ரோ குறையும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போற கரண்ட் குறையும், இழுவை குறையும், அதான் தள்ளினா கிளம்புது.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் வரைக்கும் கடலோர வீடுகளில் இன்னொன்றும் பாரு. கண்டென்சர் நல்லா இருக்கும், கனெக்டர் முனை உப்புக்காத்தில் பச்சை பூத்து கான்டாக்ட் விடும். அளக்கும்போது காலைச் சுரண்டிட்டு அளந்துபார். புதுசு போடும்போது ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுத்தாம கனெக்டர் போடு.

வாங்கும்போது 2.5 மைக்ரோ, 440 வோல்ட் ஏ.சி., ஐ.எஸ். 1709 (ஃபேன் கண்டென்சருக்கான இந்தியத் தரம்) என்று போட்டது வாங்கு. ஃபேனுக்கு வர்றது 230 தானே, 250 வோல்ட் போதாதா என்று கேட்காதே. கண்டென்சரும் ஸ்டார்ட்டிங் காயிலும் சீரீஸில் இருக்கு. ஃபேன் சுத்தும்போது காயில் தானும் வோல்ட்டேஜ் கிளப்பும், அதனால கண்டென்சர் முனையில் லைன் வோல்ட்டேஜைவிட அதிகமா நிற்கும். உன் போர்வெல் மோட்டாரிலேயே 325 வந்திருக்கு பார்.

கடையில் 2.5 இல்லைன்னா 3.15 கொடுப்பாங்க, வேகம் ஏறும்னு சொல்வாங்க. வேண்டாம். 2.5-க்கு டிசைன் பண்ணின காயிலில் 3.15 போட்டா ஸ்டார்ட்டிங் காயில் கரண்ட் கூடும், உறுமல் வரும், மோட்டார் சூடாகும், வார்னிஷ் வேகும். அவசரத்துக்கு 1.5-ம் 1-ம் பேரலலில் போட்டா 2.5 கிடைக்கும். சீரீஸில் போடாதே, 1.5-ம் 1-ம் சீரீஸில் 0.6 தான் தரும்.

புது கண்டென்சர் போட்டும் மெதுவா சுத்தினா பேரிங் பார். பிளேடைத் தள்ளிவிட்டா கரகரன்னு நின்னா பேரிங்தான். திரும்பிச் சுத்தினா கண்டென்சரை ரன்னிங் காயில் பக்கம் மாத்திக் கொடுத்திருக்க.

---

பெரம்பூர் மின்னணு எழுதியது:

நண்பரே, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சின்ன கண்டென்சரில் மூன்று இலக்கம் இருந்தால் அலகு பொதுவாக பிக்கோ ஃபாரட். முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது இலக்கம் அதன் பின்னால் எத்தனை பூஜ்யம் என்பது. 104 என்றால் 10, அதன் பின் நான்கு பூஜ்யம்: 1,00,000 பிக்கோ. அதுவே 100 நானோ, அதுவே 0.1 மைக்ரோ. 225 என்றால் 22, அதன் பின் ஐந்து பூஜ்யம்: 22,00,000 பிக்கோ, அதாவது 2.2 மைக்ரோ. இதே முறையில் 102 என்பது 1 நானோ, 103 என்பது 10 நானோ, 473 என்பது 47 நானோ, 474 என்பது 0.47 மைக்ரோ.

அதிகம் பேர் இடறுவது 100, 101 ஆகிய இரண்டில். இந்த முறையில் 100 என்று அச்சிட்டிருந்தால் 10 பிக்கோ, பூஜ்யம் எதுவும் சேராது. 101 தான் 100 பிக்கோ. இரண்டே இலக்கம் இருந்தால், உதாரணத்துக்கு 22 அல்லது 47, அது அப்படியே பிக்கோ.

எண்ணுக்குப் பின் வரும் எழுத்து விலகல் அளவு. ஜே என்றால் 5 சதவீதம், கே என்றால் 10, எம் என்றால் 20. ஆக 104எம் என்பதில் உள்ள எம்முக்கும் மைக்ரோவுக்கும் சம்பந்தமில்லை. புள்ளி அழிந்துபோகும் என்பதால் சிலர் எழுத்தையே புள்ளியாகப் போடுவார்கள்: 4என்7 என்றால் 4.7 நானோ. பழைய வால்வு ரேடியோவில் எம்.எம்.எஃப். என்று இரண்டு எம் இருந்தால் மைக்ரோவில் மைக்ரோ, அதாவது பிக்கோ. அங்கே 250 என்றிருந்தால் 250 பிக்கோதான். அதை மைக்ரோ என்று எடுத்துக்கொண்டால் பத்து லட்சம் மடங்கு பிழை.

உங்கள் எல்.இ.டி. போர்டில் உள்ள 225ஜே, கரண்டைக் கட்டுப்படுத்தும் வேலை செய்கிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோ வழியாக ஏறத்தாழ 72 மில்லி ஆம்பியர் போகும். 2.2 மைக்ரோ என்றால் அதிகபட்சம் 159. அது 1.5 மைக்ரோவுக்குத் தேய்ந்தால் 108-க்கு இறங்கும், வெளிச்சம் மங்கும். எல்.இ.டி.யைக் குறை சொல்வதற்கு முன் இதை அளந்து பாருங்கள். அதில் உள்ள 400 என்பது டி.சி. வோல்ட். 230 ஏ.சி.யின் உச்சம் 325. அதனால் 400 நெருக்கமாகத்தான் இருக்கும், 630 வோல்ட் கிடைத்து இடமும் இருந்தால் அதைப் போடுங்கள். 250 வோல்ட் டி.சி. போட்டால் வெடிக்கும்.

ரெகுலேட்டரில் உள்ள 2.2 + 3.3 பெட்டியில் நடுப்புள்ளி பொதுவானது. ஃபேனுக்கு சீரீஸில் முதல் படியில் 2.2, அடுத்து 3.3, பிறகு இரண்டும் பேரலலில் 5.5, கடைசிப் படியில் நேரடி இணைப்பு. கீழ்ப்படியில் மட்டும் ஃபேன் நின்றுவிட்டால் 2.2 பக்கம் தேய்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அணைத்த பின் மின்சாரத்தை வடிப்பதற்கு. அதை எடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு சின்னச் சின்னப் பின்னங்களில் புழங்க வேண்டியிருப்பதற்குக் காரணம் அடிப்படை அலகே மிகப் பெரியது என்பதுதான். 1 கூலும் மின்னூட்டம் ஏற்றினால் 1 வோல்ட் உயரும் கண்டென்சர் 1 ஃபாரட். வேறு விதமாகச் சொன்னால், 1 ஆம்பியரை 1 விநாடி செலுத்தினால் 1 வோல்ட் ஏற வேண்டும். 1 மில்லிமீட்டர் காற்று இடைவெளியில் இரண்டு தகடு வைத்து அதைச் செய்யப் பார்த்தால் ஒவ்வொரு தகடும் 113 சதுர கிலோமீட்டர் வேண்டும். 2011 விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 174 சதுர கிலோமீட்டர்தான். பூமி முழுவதையும் ஒரு தனிக் கோளமாக எடுத்துக்கொண்டால்கூட அதன் மின்தேக்குத்திறன் சுமார் 710 மைக்ரோ மட்டுமே.

மைக்கேல் ஃபாரடேயின் பெயரிலிருந்து இந்தச் சொல்லை 1861-இல் லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் முன்வைத்தார்கள், அப்போது மின்னூட்டத்தின் அலகாக. 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாட்டில் அது அதிகாரபூர்வமாக மின்தேக்குத்திறனின் அலகானது. வோல்ட், ஓம் இவற்றோடு பொருந்தும்படி வரையறுத்ததால் அளவு இப்படிப் பெரிதாக அமைந்தது.

---

டோல்கேட் வயர்மேன் எழுதியது:

ரொம்ப நன்றி. எல்.இ.டி. போர்டு கண்டென்சர் 1.41 காட்டுது, அதுவும் மாற்றணும். சப்மெர்சிபிள் பேனல்தான் பாக்கி. 29.8-ஐ என்ன செய்வது? ஸ்டார்ட் கண்டென்சரைக் கழட்டி அளந்தேன், 71 மைக்ரோ வருது.

---

கொருக்குப்பேட்டை ரீவைண்டிங் எழுதியது:

தம்பி, அந்த 36-ஐத் தொடாதே, அது நல்ல கண்டென்சர்.

2652 என்பது அமெரிக்கக் கணக்கு. அங்கே லைன் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. கண்டென்சர் வழியாப் போற கரண்ட் ஹெர்ட்ஸைப் பொறுத்தது: ஆம்பியர் = 2 × 3.1416 × ஹெர்ட்ஸ் × ஃபாரட் × வோல்ட். 50 போட்டா 2 × 3.1416 × 50 = 314.16. பத்து லட்சத்தை இதால வகுத்தா 3183. நம்ம ஊரில் எப்பவும் ஆம்பியர் × 3183 ÷ வோல்ட் = மைக்ரோ. உன் கணக்கு: 3.65 × 3183 ÷ 325 = 35.7. 36-க்கு 5 சதவீதத்துக்குள்ளேயே இருக்கு. 2652 வெச்சு கணக்குப் போட்டா ஊரில் இருக்கிற எல்லா நல்ல கண்டென்சரும் 17 சதவீதம் குறைவாத் தெரியும், எல்லாத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அளக்கிற முறையையும் சரியா வெச்சுக்கோ. மெயினை அணைச்சு, கண்டென்சரில் தேங்கின மின்சாரத்தை வடிச்சுட்டு (முறை கடைசியில் சொல்றேன்), மீட்டர் ஒயரின் முதலை கிளிப்பை இரண்டு முனையிலும் மாட்டு. கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுத்தி மாட்டி ஆம்பியர் அளக்கிறது) கண்டென்சருக்குப் போற ஒரே ஒரு ஒயரில் போடு, இரண்டையும் சேர்த்துப் போட்டா பூஜ்யம் காட்டும். அப்புறம் மோட்டாரைப் போடு, ஸ்டார்ட் பட்டனை விட்டு மோட்டார் முழு வேகத்துக்கு வந்த பிறகு படி. 600 வோல்ட் கேட் 3 (மீட்டரில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்புத் தரம்) மீட்டரும் ஒயரும் வேணும். ஓடும்போது முனையில் கையால ஒயரை வெச்சு அளக்காதே. இந்த முறை ஃபேனுக்கு ஆகாது, அதில் கால் ஆம்பியர்கூட வராது, சாதாரண கிளாம்புக்குத் தெரியாது. ஃபேன் கண்டென்சரைக் கழட்டி அளக்கிறதே சரி.

கழட்டி மீட்டரில் அளக்கிறதைவிட ஓடும்போது அளக்கிறதில் ஒரு லாபம் இருக்கு. மீட்டர் சில வோல்ட் டி.சி.யில்தான் சோதிக்கும். 300 வோல்ட்டுக்கு மேல போனா உள்ளே விட்டு விட்டுப் பொரியற கண்டென்சர் மீட்டரில் நல்லா 36 காட்டும்.

உன் வியாதி ஸ்டார்ட் கண்டென்சரில் இருக்கு. 100-120 என்று போட்டதில் 71 வந்தா கிளம்புற இழுவை போச்சு. சாயந்திரம் மட்டும் திணறுறதுக்கும் காரணம் இதுவே. லைன் 190-க்கு இறங்கினா இழுவை வோல்ட்டேஜின் வர்க்கத்தில் குறையும்: 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் போட்டா 0.68. மூணில் ஒரு பங்கு போயிடும். பகலில் 71 மைக்ரோவை வெச்சுகிட்டு எப்படியோ கிளம்பிடும், சாயந்திரம் முடியாது. கிளம்பாம நிற்கிற மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஓவர்லோடு விழுது.

100-120 மைக்ரோ, பழசில் என்ன வோல்ட் போட்டிருக்கோ அதே வோல்ட் வாங்கு. இது எலக்ட்ரோலைட்டிக் வகை, சில விநாடி வேலைக்கு மட்டும். ரன் கண்டென்சர் இடத்தில் இதை ஒருபோதும் போடாதே, நிமிஷத்தில் வெடிக்கும். பச்சை பட்டனை மூணு விநாடிக்கு மேல அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரங்களுக்குச் சொல்லு. பட்டன் விட்ட பிறகும் ஸ்டார்ட் கண்டென்சர் ஒயரில் கரண்ட் ஓடினா, பட்டன் கான்டாக்ட் ஒட்டிகிட்டிருக்கு. அதை விட்டுட்டு கண்டென்சரை மட்டும் மாத்தினா புதுசும் போயிடும். இதைக் கிளாம்ப் வெச்சு கட்டாயம் பார்.

வடிக்கிற விஷயம்: ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைக்கிற பழக்கத்தை விட்டுடு. 36 மைக்ரோ உச்ச வோல்ட்டேஜில் நின்னா கிட்டத்தட்ட 4 ஜூல். தீப்பொறியில் முனை உருகும், ஃபிலிம் முனையில் இருக்கிற உலோகப்பூச்சும் விட்டுக்கும், நல்ல கண்டென்சரை நாமே கெடுத்தது மாதிரி. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரில் இரண்டு ஒயர் பற்றவெச்சு வெச்சுக்கோ. 10 கிலோ ஓம் × 36 மைக்ரோ = 0.36 விநாடி, அதைப்போல ஐந்து மடங்கு, இரண்டு விநாடியில் வடிஞ்சிடும். ஐந்து விநாடி பிடி, அப்புறம் வோல்ட்டில் வெச்சு பூஜ்யம் பார்த்துட்டு மைக்ரோ ரேஞ்சுக்கு மாத்து. வடிக்காம வெச்சா மீட்டர்தான் போகும்.

---

பெரம்பூர் மின்னணு எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று மட்டும். பிக்கோ, நானோ அளவில் அளக்கும்போது மீட்டரின் ஒயர்களுக்கே சில பத்து பிக்கோ இருக்கும். எதையும் தொடாமல் திரையில் 40 பிக்கோ நின்றால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது ஆர்.இ.எல். பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். போர்டில் இருந்தபடியே அளக்க வேண்டாம், பேரலலில் உள்ள மற்ற பாகங்கள் எண்ணைக் கெடுக்கும். குறைந்தது ஒரு காலையாவது தூக்கிவிட்டு அளக்க வேண்டும். உதிரிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது எண்ணோடு வோல்ட்டையும் வகையையும் எழுதிக் கொண்டு போங்கள். "ரெண்டு புள்ளி ரெண்டு" என்று மட்டும் கேட்டால் 2.2 மைக்ரோ எலக்ட்ரோலைட்டிக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை ஏ.சி. லைனில் போடவே கூடாது.

---

மணலி மெயின்டனன்ஸ் எழுதியது:

யூனிட் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன், பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவும். பவர் ஃபேக்டர் பேனலில் (மோட்டார்கள் லைனிலிருந்து இழுக்கும் வீண் கரண்டைக் குறைக்கும் பெட்டி) உள்ள த்ரீ ஃபேஸ் கண்டென்சரில் பெரிய எழுத்தில் கே.வி.ஏ.ஆர். (கண்டென்சர் தரும் ரியாக்டிவ் பவரின் அளவு) போட்டிருக்கும். அளக்கும்போது நமக்கு மைக்ரோ வேண்டும்.

5 கே.வி.ஏ.ஆர்., 440 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், டெல்டா (முக்கோண) இணைப்பு என்றால் உள்ளே ஒவ்வொரு கிளையும் 27.4 மைக்ரோ. கணக்கு: 5000 ÷ (3 × 314.16 × 440 × 440). ஆனால் வெளியே இரண்டு டெர்மினலுக்கு நடுவில் மீட்டர் வைத்தால் 27.4 காட்டாது, 41.1 காட்டும். ஒரு கிளை நேராகவும் மற்ற இரண்டும் சீரீஸில் சேர்ந்து அதற்குப் பேரலலாகவும் வருவதால் ஒன்றரை மடங்கு. மூன்று ஜோடியும் 41-ஐ ஒட்டி இருந்தால் கண்டென்சர் நலம். ஒரு ஜோடி 13.7, மற்ற இரண்டும் 27.4 என்று வந்தால், 13.7 காட்டும் ஜோடிக்கு நடுவில் உள்ள கிளை அறுந்துவிட்டது.

இதையே 415 வோல்ட் லைனில் போட்டால் 5 கே.வி.ஏ.ஆர். கிடைக்காது, 4.45 தான் கிடைக்கும், வோல்ட்டின் வர்க்கத்தில் குறைவதால். கரண்ட் ஒவ்வொரு ஃபேஸிலும் 6.2 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். மைக்ரோ சரியாக இருந்து கரண்ட் மட்டும் இதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் லைனில் ஹார்மானிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் கலப்பு அலை) இருக்கிறது, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் ஓடும் பட்டறையில் இது சகஜம். அங்கே கண்டென்சரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது, ரியாக்டர் (சீரீஸில் போடும் காயில்) சேர்க்க வேண்டும்.

இந்த வகையில் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் உள்ளேயோ டெர்மினலிலோ இருக்கும். ஐ.இ.சி. 60831 என்ற சர்வதேசத் தரப்படி அணைத்த 3 நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்: லைனைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டு, 5 நிமிடம் காத்திரு, மூன்று ஜோடியிலும் வோல்ட் பார், பிறகு ரெசிஸ்டர் வைத்து வடி, அதன் பிறகே மைக்ரோ ரேஞ்ச்.